மேதை ஹ்யோஷோ ரோகுதோ

மாதந்தோறும் 21ஆம் தேதி கியோத்தோவின் தோஜி கோயிலுக்குப் போனால் அவரைப் பார்க்கலாம். சன்னதியில் தேட வேண்டாம். சாமிக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. வெளிமுற்றம் முழுக்கப் பழஞ்சாமான் கடை போட்டிருப்பார்கள். பழைய கிமோனோ, மூடி தொலைந்த கெட்டில், ஓடாத கடிகாரம் எல்லாவற்றையும் தாண்டிப் போனால், ஒரு தார்ப்பாயின் ஓரத்தில் ஒருவர் குந்தியிருப்பார். கழுத்தில் நகைக்கடைக்காரர் லென்ஸ், இடது கையில் பேனா அளவு டார்ச், சட்டைப் பையில் சாக்பீஸ். வலது கையில் துருவேறிய ஒரு சவரக்கத்தி. கத்தியைப் பார்க்கிறார் என்று நினைத்தால் தப்பு. படிக்கிறார்.

எந்த ஊர்க்காரர் என்று கேட்காதீர்கள். ஜெர்மானியராக, அமெரிக்கராக, ஆஸ்திரேலியராகப் பல அவதாரங்களில் அவரைச் சந்தித்திருக்கிறேன். உடல்தான் வேறு, ஆத்மா ஒன்று. அந்த இனத்தின் தலைமகனோடு எனக்குப் பல வருஷப் பழக்கம். முத்திரையார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருநூறு ஜப்பானியச் சவரக்கத்திகள் வைத்திருக்கிறார். தாடி மார்பைத் தொடுகிறது. ஒருநாள் ஜாடையாகக் கேட்டேன். "சங்கீத விமர்சகர் பாடிக் காட்ட வேண்டுமா?" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கத்தியின் காம்பில் அரை விரல் நீளத்துக்கு எழுத்து இருக்கும். மேல்நாட்டு மாதிரி மடக்குக் கத்தியானால் அச்சு அடித்த முத்திரை. மடக்காத, ஒரே துண்டில் அடித்த ஜப்பானியக் 'காமிசோரி'யானால், பல நேரம் கொல்லர் சிற்றுளியால் கையாலேயே வெட்டிய எழுத்து. உளிக்கு வளைவு வராது. தூரிகையில் நெளிந்து இறங்கவேண்டிய கோடு, உளியில் மூன்று வெட்டாக நொண்டி நிற்கும். கொல்லருக்கு வேலை அதிகம்; பதினாறு கோடு உள்ள எழுத்தை ஒன்பதோடு முடித்துவிட்டு அடுத்த கத்திக்குப் போயிருப்பார். அவர் விட்டுவைத்த ஏழு கோட்டைத்தான் நம் முத்திரையார் ஆயுள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்.

தேடும் முறையில் குறை சொல்ல முடியாது. டார்ச்சை நேராகப் பிடிக்கமாட்டார். பக்கவாட்டில் சாய்ப்பார், பள்ளத்தில் நிழல் விழ வேண்டும். சாக்பீஸைப் பொடித்துத் தேய்ப்பார், வெட்டுக்குள் வெள்ளை தங்க வேண்டும். கடைசியில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் வருடிப் படி எடுப்பார். வாள் ஆராய்ச்சிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. அந்தத் தாள்கள் ஜாதகக்கட்டு மாதிரி அவர் பையில் புடைத்துக்கொண்டிருக்கும்.

தலைவலி எல்லாம் துருவால் வருகிறது. குறுக்கே மூன்று கோடு, நடுவே நெடுக ஒன்று போட்டால் ராஜா. கீழே ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் மணி. மணிக்குப் பக்கத்தில் எஃகு என்ற எழுத்து வந்தால் 'தாமாஹாகானே'; மண்ணுலையில் இரும்பு மணலையும் கரியையும் கொட்டி எடுக்கும், வாளுக்கு உரிய எஃகு. அது இருந்தால் கத்தியின் விலை வேறு, வைத்திருப்பவரின் நடையே வேறு. இப்போது சொல்லுங்கள்: காம்பில் இருப்பது கொல்லர் வைத்த புள்ளியா, துரு தின்ற பள்ளமா? 'பெரிய' என்ற எழுத்தின் தோளில் துரு ஒரு புள்ளி வைத்தால் அது 'நாய்' ஆகிவிடும். காலடியில் வைத்தால் 'பருமன்' ஆகிவிடும். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டு நம் பாட்டன்மார் பதிப்பாசிரியர்களை அழவைத்தார்கள். இங்கே வைக்காத புள்ளியைத் துரு வைத்து அழவைக்கிறது.

முத்திரையாரின் வாழ்க்கையில் பெரிய கண்டுபிடிப்பு ஹ்யோஷோ ரோகுதோ. ஒரு மடக்குக் கத்தியில் நான்கு எழுத்து, படுக்கை வரிசையில், பளிச்சென்று. அகராதி பார்த்தார். சாதாரண அகராதியா? மொரோஹாஷி தெத்சுஜி தொகுத்த 'தாய்கான்வா ஜிதென்': 13 தொகுதிகள், ஏறக்குறைய 50,000 எழுத்துகள். அவர் வாங்கிவைத்த நாளிலிருந்து அலமாரி முதுகு வளைந்து நிற்கிறது. இரண்டு வாரம் புரட்டி, 'ஹ்யோஷோ' குடும்பப் பெயர், 'ரோகுதோ' கொல்லரின் பெயர் என்று முடிவுகட்டினார். அடுத்த மாதமே அதே கொல்லரின் இன்னொரு கத்தி கிடைத்தது. அதற்கடுத்த மாதம் இன்னும் மூன்று. "என்ன உழைப்பு பாருங்கள்! ஒரே மனிதர்! சவரக்கத்தி அடித்திருக்கிறார், கத்தரிக்கோல் அடித்திருக்கிறார். நேற்று ஒரு பற்பொடி டப்பாவில்கூட அவர் பெயரைப் பார்த்தேன்!" என்றார். பற்பொடி என்றதும் எனக்கு லேசாக உறுத்தியது.

கோயில் பக்கத்துச் சந்தில் ஒரு சலூன் இருக்கிறது. எண்பதைத் தாண்டிய பெரியவர் நடத்துகிறார். முத்திரையார் அந்த மேதையின் பெயரை அவரிடம் பயபக்தியோடு நீட்டினார். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இதை வலப்பக்கமிருந்து படிக்கணுங்க. எங்கப்பா காலத்துல அப்படித்தான். தோ-ரோகு ஷோ-ஹ்யோ."

"அவர் எந்த ஊர்க்காரர்?"

"ஊர் இல்லைங்க. பதிவு பெற்ற வணிகச் சின்னம்னு அர்த்தம்."

தோஜி சந்தை கோபோ தைஷி என்ற துறவி கூக்காயின் நினைவாக நடப்பது. அவர் மறைந்தது 835இல், ஒரு 21ஆம் தேதி. ஜப்பானின் மூன்று மாபெரும் எழுத்துக்கலைஞர்களில் ஒருவர். 'கோபோவுக்கும் தூரிகை சறுக்கும்' என்று அங்கே பழமொழி உண்டு. நம்முடைய ஆனைக்கும் அடிசறுக்கும் கதைதான். பெரியவர் அதைச் சொல்லித்தான் முத்திரையாரைத் தேற்றினார். முத்திரையாருக்கு ஆறுதல் அந்தப் பழமொழியால் வரவில்லை. தன்னைக் கோபோவோடு சேர்த்துச் சொன்னதால் வந்தது.

சொல்லப்போனால் இந்த முத்திரைகள் பலவற்றில் கொல்லரின் பெயரே இருக்காது. 'தனிச்சிறப்பாகச் செய்தது', 'முழுதும் எஃகு', 'ஆர்டரின் பேரில் அடித்தது', 'ஸ்வீடன் எஃகு'. நம்மூர் மிட்டாய்க் கடையில் 'சுத்தமான நெய்யில் செய்தது' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, சுத்தமான நெய் என்பவர் யார், அவருக்கு வாரிசு உண்டா என்று ஒருவர் தேடிப் புறப்பட்டால் எப்படி? அப்படி.

உண்மையான பெயர் கிடைத்தாலும் நிம்மதி இல்லை. 'நேர்மை' என்று பொருள்படும் ஒரே எழுத்தை ஒரு குடும்பத்தில் மாசா என்பார்கள், அடுத்த குடும்பத்தில் ததாஷி என்பார்கள். பெற்றவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, அதுதான் உச்சரிப்பு. ஜப்பானியர்களே அறிமுகத்தின்போது கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். செத்துப்போன கொல்லரிடம் யார் கேட்பது? போதாததற்கு எழுத்தின் உருவமும் நடுவில் மாறியது. 1946இல் அன்றாடப் புழக்கத்துக்கு 1,850 எழுத்து என்று அரசு பட்டியல் போட்டது. 1949இல் பலவற்றை இளைக்கவைத்தது. நாம் 1978இல் 'லை'யின் தும்பிக்கையை வெட்டியதுபோல, அங்கே இரும்புக்கே இருபத்தோரு கோடு பதின்மூன்றானது.

சின்னங்கள் வேறு. வட்டம் போட்டிருந்தால் 'மாரு', கூரைபோல் இரண்டு சாய்கோடு என்றால் மலை, 'யாமா'. தச்சரின் மூலைமட்டம்போல் மடங்கினால் 'கானே'. உள்ளே இருக்கும் எழுத்தை அதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். சோயா சாஸ் பாட்டிலில் அறுகோணத்துக்குள் ஓர் எழுத்து இருக்குமே, அது ஆமை ஓடு: 'கிக்கோ'. உள்ளே பத்தாயிரம்: 'மான்'. இதை முத்திரையார் எனக்கு ஒரு நூடுல்ஸ் கடையில் விளக்கி முடிப்பதற்குள் என் கிண்ணம் ஆறிவிட்டது.

அவருடைய ஜப்பானிய மொழியறிவு மொத்தமும் சவரக்கத்தியிலிருந்து வந்தது. அகராதியில் எழுத்துகளை 214 உறுப்புகளாகப் பிரித்திருப்பார்கள். உலோக உறுப்பு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மீன் உறுப்புப் பக்கம் போனதே இல்லை. ஆகவே எஃகில் மூன்று வகை படிப்பார், சுஷிக் கடையில் பட்டினி கிடப்பார். ரயில் நிலையத்தில் 'வெளியே' என்ற பலகையின் கீழே நின்றுகொண்டு வெளியே போக வழி கேட்பார். வீட்டுக்கார அம்மாள் பேரனைக் காட்டியபோது குழந்தையைத் தூக்கிக் கொஞ்சி, "தனிச்சிறப்பாகச் செய்தது" என்று பாராட்டினார். அந்த அம்மாள் இன்றுவரை அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார்.

இன்னொரு குணமும் உண்டு. புரிகிற எழுத்துக்கு அவரிடம் மரியாதை கிடையாது. போரில் தோற்ற ஜப்பான் நேசநாடுகளின் பிடியில் இருந்தபோது, 1947 முதல் 1952 வரை, ஏற்றுமதிச் சரக்கில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினார்கள். ஒரு தேசத்தின் தலைகுனிவு அரை விரல் இரும்பில் தேதியோடு நிற்கிறது. எனக்குப் பார்த்தாலே மனம் கனக்கும். முத்திரையார் அதை ஒதுக்கிவைத்துவிடுவார். "இதில் என்ன இருக்கிறது? படித்தவுடன் தெரிகிறதே!"

அவருடைய கனவு ஒரே பெயர்: இவாசாகி. நீகாதா மாகாணத்து சான்ஜோ ஊரில், தோக்கியோ பல்கலைக்கழகத்தில் உலோகவியல் படித்த இவாசாகி கோசுகே பழைய வாள் எஃகின் ரகசியங்களைத் துருவினார். மகன் ஷிகேயோஷி அந்த அறிவைச் சவரக்கத்தியில் இறக்கினார். 1871இல் குடுமியை வெட்டலாம், வாளை வீட்டில் வைக்கலாம் என்று அரசு ஆணை போட்டது. 1876இல் வாள் தரிக்கத் தடையே வந்தது. வாள் போன வழியில் வாளின் எஃகு கன்னத்துக்கு வந்து சேர்ந்த கதை அது. முத்திரையார் இதைச் சொல்லும்போது மட்டும் நான் குறுக்கே பேசுவதில்லை. குரலில் கேலி செய்ய இடமிருக்காது.

போன வருஷம் ஒரு காமிசோரி வாங்கினார். இரும்புக் காம்பில் துரு அப்பியிருந்தது. மணியா ராஜாவா என்று பார்த்தே ஆகவேண்டும். வழக்கம்போல் முதலில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு நுண் உப்புத்தாளைப் போட்டு மூன்று இரவு தேய்த்தார். பின்பக்கம் ஏதோ கீறல்கள் இருந்தன. அவற்றையும் ஒழுங்காக வழித்து எடுத்தார். முன்பக்கத்தில் வந்தது ராஜாவும் இல்லை, மணியும் இல்லை. நமது பழைய நண்பர் ரோகுதோ. மனமுடைந்து, தேய்ப்பதற்கு முன் எடுத்த படத்தைச் சலூன் பெரியவரிடம் காட்டினார். பெரியவர் முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை.

"அட, மூணாம் நாற்காலி!" என்றார்.

"எது?"

"பின்னாடி பாருங்க, மூணு கோடு. மூணுன்னு போட்டிருக்கு. கடையில நாலு நாற்காலி, நாலு பேர் வேலை. ஒருத்தர் கத்தி இன்னொருத்தர்கிட்ட போயிடக்கூடாது இல்ல? அரத்து முனையால இப்படிக் கீறி வச்சுக்குவோம். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப எனக்கும் மூணாம் நாற்காலிதாங்க." பெரியவர் கை நீட்டினார். "கத்தியக் கொண்டாந்திருக்கீங்களா? கொஞ்சம் காட்டுங்க."

ஜப்பானில் முதல் வகுப்புக் குழந்தையே படித்துவிடும் எழுத்து அது. மேலிருந்து கீழாக மூன்று படுக்கைக் கோடு. தாய்கான்வா தேவையில்லை, டார்ச் தேவையில்லை, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் மூன்றுதான். இருநூறு கத்திகளில் யாரோ ஒரு மனிதர் 'இது என்னுடையது' என்று கைப்பட எழுதிவைத்த ஒரே வரியை முத்திரையார் உப்புத்தாளால் சுத்தமாக அழித்திருந்தார். காம்பு கண்ணாடியாக மின்னியது. பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத் தேய்ச்சிருக்கீங்க" என்றார். ஜப்பானியர்களின் மரியாதை சில சமயம் கத்தியைவிடக் கூர்மை.

அடுத்த 21ஆம் தேதி தோஜிக்குப் போனேன். அதே தார்ப்பாய், அதே குந்தல். முத்திரையார் ஒரு கத்தியின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்துத் துருவில் மூக்கு உரசும்படி குனிந்திருந்தார். பேரம் முடிந்தது. கடைக்காரப் பாட்டி காசை எண்ணி வாங்கி, பொட்டலம் கட்டுவதற்கு முன் பாவம், வாடிக்கையாளர் கையில் கறை படியக்கூடாதே என்று, ஏப்ரன் நுனியை எடுத்துக் கத்தியில் வைத்தார்.

"ஐயோ அம்மா, துடைக்காதீங்க!"

அலறல் சன்னதி வரைக்கும் கேட்டிருக்கும்.