எந்தையார் இலக்கணம்

தமிழ்ச் சமூகத்தின் மனித வகைகளுள் ஓசிப் பேப்பர் படிப்பவர், கல்யாண வீட்டில் பந்தியை மேற்பார்வையிடுபவர், ரயிலில் எதிர் இருக்கைக்காரரின் சம்பளத்தை விசாரிப்பவர் முதலியோர் நகைச்சுவை எழுத்தாளர்களால் போதிய அளவு ஆராயப்பட்டிருக்க, எந்தப் பெயரைக் கேட்டாலும் 'எந்த?' என்று எதிர்க்கேள்வி போட்டு உரையாடலை அங்கேயே நிறுத்திவிடும் ஒரு வகையினர் மட்டும் தமக்கென ஒரு பெயர்கூட இல்லாமல் இருந்துவருகின்றனர். இக்கட்டுரை வசதி கருதி அவர்களை 'எந்தையார்' என அழைக்கிறது. 'என் தந்தை' எனப் பொருள்படும் பழந்தமிழ்ச் சொல்லான 'எந்தை'யோடு இதற்கு எவ்வித உறவும் கிடையாது. பெயர் ஒன்று, பொருள் வேறு என்ற இந்த நிலையே எந்தையாருக்கு மிகவும் உவப்பானது என்பதால், இப்பெயர் அவருக்குப் பொருந்தும்.

எந்தையாரை அறியாமையால் கேட்பவரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அறியாதவர் 'எந்தப் படம்?' என்று கேட்டுப் பதில் கிடைத்ததும் அமைதியாகிவிடுவார். எந்தையாரோ பதில் கிடைத்த பிறகுதான் தொடங்குவார். அவர் கேட்கும் கேள்விக்கு விடை அவரிடமே உண்டு. எதிரில் இருப்பவருக்கு அது தெரியாது என்பதை நாலு பேர் முன்னிலையில் நிறுவுவதே கேள்வியின் நோக்கம்.

அவருடைய முதன்மைக் களம் திரைப்படம். 'நேத்து டிவியில பொல்லாதவன் போட்டான்' என்று ஒருவர் வாயெடுத்தால், 'எந்தப் பொல்லாதவன்? எண்பதா, ரெண்டாயிரத்து ஏழா?' என்ற கேள்வி அவருடைய அடுத்த வாக்கியத்தை முந்திக்கொண்டு வரும். 1980இல் முக்தா சீனிவாசன் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த படமும், 2007இல் வெற்றிமாறனின் முதல் படமாக வந்து தனுஷின் பைக் திருடுபோவதைச் சுற்றி நகர்ந்த படமும் பெயரைத் தவிர வேறெதையும் பகிர்ந்துகொள்ளவில்லை என்பதை விளக்கிவிட்டு, அதே உறவின்மை 'படிக்காதவன்' (1985, 2009), 'தங்கமகன்' (1983, 2015) ஆகியவற்றுக்கும் பொருந்தும் என்று அவர் மேலே செல்வார். மாமனார் ரஜினி நடித்த படங்களின் பெயர்களை அன்று மருமகனாக இருந்த தனுஷ் வரிசையாக எடுத்துக்கொண்டபோதும், கதையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது 1989இல் வந்து 2011இல் மீண்டும் எடுக்கப்பட்ட 'மாப்பிள்ளை' ஒன்றைத்தான் என்றும், அந்தத் தலைப்புக்கு மட்டும் அவருக்கு முழு உரிமை உண்டு என்றும் சொல்லிக் கண் சிமிட்டுவார். கிளைமாக்ஸ் நேரத்தில் கரண்ட் போனதைச் சொல்லி ஆதங்கப்பட வந்தவர், அதற்குள் காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்.

இத்துறையில் எந்தையார் இரண்டு கலைச்சொற்களைக் கறாராகக் கையாளுகிறார். பழைய கதையையே புது நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுப்பது 'ரீமேக்'. 1981, 2013 ஆகிய ஆண்டுகளில் வந்த 'தில்லு முல்லு' இதற்குச் சான்று. கதையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுப்பது அவர் அகராதியில் 'பெயர்ச் சுவீகாரம்'. 1976இல் பாலசந்தரும் 2022இல் வெங்கட் பிரபுவும் எடுத்த 'மன்மத லீலை' இதற்குச் சான்று. 'எதிர்நீச்சல்', 'காக்கிச் சட்டை', 'வேலைக்காரன்', 'மாவீரன்', 'அமரன்', 'பராசக்தி' என்று முன்பே வந்த பெயர்களாகப் பார்த்து நடித்த சிவகார்த்திகேயன் எந்தையாரின் கண்கண்ட தெய்வம். அவற்றுள்ளும் 'மாவீரன்' தனிச் சிறப்புடையது. 1986இல் ரஜினியும் 2023இல் சிவகார்த்திகேயனும் நடித்த இரண்டு 'மாவீரன்'களுக்கு நடுவே, தெலுங்கு 'மகதீரா' 2011இல் தமிழ் பேசி அதே பெயரில் வந்துபோனதால், 'மாவீரன் பார்த்தேன்' என்பவரிடம் அவர் மூன்று கேள்விகள் கேட்க முடிகிறது.

தொலைக்காட்சித் தொடர்கள் பெருகிய பின் எந்தையாரின் ஆட்சி எல்லை இரு மடங்காக விரிந்தது. 1966இல் கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் பத்மினி நடித்த 'சித்தி' வேறு, 1999இல் தொடங்கி ராதிகா நடித்த 'சித்தி' வேறு. 1992இல் வந்த மணிரத்னத்தின் 'ரோஜா' வேறு, சன் டிவியின் 'ரோஜா' வேறு. மாலையில் மனைவி அப்பெயரிலுள்ள தொடரைக் கருதி, 'எதிர்நீச்சல் ஆரம்பிச்சிருக்கும், போடுங்க' என்று சொன்னால், எந்தையார் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே, மாடிப்படியின் கீழ் குடியிருந்த மாதுவாக 1968இல் நாகேஷ் நடித்த 'எதிர்நீச்சல்' முதற்கொண்டு, குஞ்சிதபாதம் என்ற பெயர் தாங்காமல் ஹரீஷ் என்று மாற்றிக்கொள்ளும் இளைஞனைப் பற்றி 2013இல் வந்த 'எதிர்நீச்சல்' வரை வகுத்துரைத்துவிட்டு, 'இதுல எது?' என்று கேட்பார். 'உங்க நீச்சல் முடிஞ்சதுன்னா ரிமோட்டக் குடுங்க' என்பது அந்த அம்மையார் வழக்கமாகத் தரும் விடை. பெயர் பிடிக்காமல் பெயரையே மாற்றிக்கொள்ளும் கதாநாயகனின் படத்துக்குப் பிறர் பெயரை வைத்தது எவ்வளவு நுட்பமானது என்பதைச் சொல்ல எந்தையாருக்கு ஒருநாளும் வாய்ப்புக் கிட்டியதில்லை.

எனினும் எந்தையாரின் முழுத் திறமையும் வெளிப்படுவது 'அண்ணாமலை' என்ற பெயரில்தான். அது கார்த்திகைத் தீபம் ஏற்றப்படும் மலை. 1992இல் ரஜினி பால்காரராக நடித்த படம். 2002இல் தொடங்கிய ராதிகாவின் தொடர். 1929இல் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம். பல்கலைக்கழகம் இருப்பதோ சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில். திருவண்ணாமலையிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். சென்னையின் ராஜா அண்ணாமலைபுரமும் ராஜா அண்ணாமலை மன்றமும் அந்தச் செட்டியாரின் பெயரையே தாங்கியவை என்பதால், இவை மூன்றும் உறவுள்ள பெயரொற்றுமைகள் என்றும், படமும் தொடரும் உறவற்ற பெயரொற்றுமைகள் என்றும் எந்தையார் தரம் பிரிப்பார். 'எங்க பையனுக்கு அண்ணாமலையில சீட் கெடச்சிருக்கு' என்று இனிப்புப் பெட்டியோடு வந்த உறவினர் இந்தத் தரம் பிரிப்பு முடியும்வரை பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார். எல்லாம் முடிந்த பிறகு, எப்படிப் பார்த்தாலும் அத்தனைக்கும் மூலம் அண்ணாமலையார்தான் என்று எந்தையாரே ஒரு போடு போட்டு, அதுவரை கட்டிய பிரிவினைச் சுவரை இடித்துவிடுவார்.

இசைத் துறையில் அவருடைய ஆராய்ச்சி வேறொரு முடிவைத் தருகிறது. 'சிந்து பைரவி' என்பது கச்சேரியின் பிற்பகுதியில் துக்கடாவாக, அதாவது கனமான உருப்படிகளுக்குப் பின் பாடப்படும் சிறு உருப்படியாக, அடிக்கடி ஒலிக்கும் ராகம். 1985இல் பாலசந்தர் எடுத்த படத்தில் சிந்து, பைரவி என்ற இரு பெண்களின் பெயர்களைச் சேர்த்தால் அதுவே தலைப்பாகிறது. பிற்காலத்தில் 'உத்தரன்' என்ற இந்தித் தொடர் தமிழ் பேசி ராஜ் டிவியில் அதே பெயரில் ஓடியது. அதற்குப் படத்தோடும் உறவில்லை, ராகத்தோடும் உறவில்லை. பாலசந்தர் தம் படத்தின் தொடர்ச்சியாகத் தொலைக்காட்சியில் எடுத்த கதைக்கோ 'சஹானா' என்று வேறொரு ராகத்தின் பெயரைச் சூட்டினார். உறவில்லாதவை ஒரே பெயரில் உலவ, உறவுள்ளது வேறு பெயரில் வந்து நின்ற இந்த நிகழ்வை எந்தையார் தம் துறையின் உச்சமாகக் கருதுகிறார்.

ஊர்ப் பெயர்களில் மட்டும் அவரைக் கேலி செய்வதற்கில்லை. ஏலகிரி மலையையும் வாணியம்பாடியையும் தன்னகத்தே கொண்டு 2019இல் தனி மாவட்டமான திருப்பத்தூர் வடக்கே இருக்க, 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூர் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. சேலம் மாவட்டத்திலும் திண்டுக்கல் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் ஆளுக்கொரு ஆத்தூர் உண்டு. பெண் பார்க்கப் புறப்பட்ட குடும்பத்தை 'எந்தத் திருப்பத்தூர்?' என்று கேட்டு எந்தையார் பேருந்து நிலையத்திலேயே தடுத்து நிறுத்தினால், அது அவர் செய்த பேருதவி. உதவியோடு அவர் நிற்பதில்லை என்பதுதான் தொல்லை. மாப்பிள்ளைக்குச் சேலத்தில் வேலை என்றதும், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத் தலைநகரும் சேலம்தான் என்றும், 1692இல் சூனியக்காரர்கள் எனக் குற்றம் சாட்டிப் பலரைத் தூக்கிலிட்ட ஊர் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் என்றும் அவர் எடுத்துச் சொல்லும்போது, பெண்ணின் தாயார் முகம் வெளுக்கிறது.

எந்தையாரின் தொழில் செழிப்பதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. ஒரு படைப்பின் தலைப்புக்கு மட்டும் தனியே பதிப்புரிமை கிடையாது என்று 'தேசி பாய்ஸ்' என்ற இந்திப் படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளர் சங்கங்களில் தலைப்பைப் பதிவு செய்வதும், பழைய தயாரிப்பாளரிடம் 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதி வாங்குவதும் திரைத் தொழிலுக்குள் நிலவும் மரபுகள். தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று தமிழக அரசு 2006இல் அறிவித்த பின், நல்ல தமிழ்த் தலைப்புக்குக் கிராக்கி கூடியது. மக்கள் ஏற்கெனவே ஒருமுறை கைதட்டி வரவேற்ற பெயர் இருக்கும்போது, புதிதாக ஒன்றைத் தேடி அகராதியைப் புரட்டத் தயாரிப்பாளருக்கு என்ன தலையெழுத்து?

இத்தனை கற்ற எந்தையாரிடம் ஒரு குறை உண்டு. 'சரி, ரெண்டு பொல்லாதவன்ல எது நல்லா இருக்கும்?' என்று கேட்டால் அவர் மௌனமாகிவிடுவார். ஆண்டும் இயக்குநரும் நடிகரும் அவர் விரல்நுனியில் இருப்பினும், அவற்றுள் ஒன்றைக்கூட அவர் முழுமையாகப் பார்த்ததில்லை. படம் தொடங்கித் தலைப்பு திரையில் தோன்றிய மறுகணமே அவருடைய பணி நிறைவடைந்துவிடுகிறது.

எந்தையாருக்கு மரபில் முன்னோர் இல்லாமலில்லை. நிகண்டுகள், அதாவது செய்யுள் வடிவிலான பழைய சொல்லகராதிகள், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுப்பதற்கென்றே ஒரு தொகுதியை ஒதுக்கின. அவற்றுக்கும் முந்திய தொல்காப்பியர், பல பொருள் தரும் ஒரு சொல் எப்போது தெளிவாகும், எப்போது ஆகாது என்பதற்குச் சொல்லதிகாரத்தில் விதியே வகுத்திருக்கிறார். உடன் வரும் வினையாலும், இனமான சொற்களாலும், சார்ந்து நிற்கும் சூழலாலும் பொருள் தெளிவாகும் என்பது அவ்விதியின் முதற்பகுதி. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடியது' என்றால் விலங்கு. யாரும் 'எந்த மா?' என்று கேட்க வேண்டியதில்லை. அவ்வாறே 'அண்ணாமலையில் கிரிவலம் போனார்', 'அண்ணாமலையில் பட்டம் வாங்கினார்' என்னும் இரு தொடர்களிலும் வினையே விளக்கிவிடுவதால், அங்கே எந்தையார் வாய் திறப்பது இலக்கணப் பிழை. ஆனால் 'அண்ணாமலை பார்த்தார்' என்னும்போது வினை உதவுவதில்லை. அது மலையாகவும் இருக்கலாம், படமாகவும் இருக்கலாம், தொடராகவும் இருக்கலாம். அத்தகைய இடத்தில், தான் கருதியது எது என்பதைத் தெளிவுபடக் கூறும் பொறுப்பு பேசுபவரையே சேரும் என்பது விதியின் மறுபகுதி.

ஆகவே எந்தையாருக்கும் பேசுபவருக்கும் இடையிலான வழக்கின் தீர்ப்பு இரு தரப்புக்கும் பாதிப் பாதி. நாகேஷ் எதிர்நீச்சல், தனுஷ் பொல்லாதவன், பரமத்தி வேலூர் என்று ஓர் அடைமொழியைச் சேர்த்துச் சொல்லும் வழக்கத்தைத் திரையரங்க வாசல்காரர்களும் பேருந்து நடத்துநர்களும் வெகுகாலமாகவே கடைப்பிடித்துவருகின்றனர். எந்தையார் அவர்களிடம் கேள்வி கேட்டதாகச் செய்தி இல்லை. வாசகர்களும் எந்தையாரின் காதில் விழும் தொலைவில் பேச நேர்ந்தால் அடைமொழியை முதலிலும் பெயரைப் பிறகும் சொல்வது நல்லது.