சுகருக்கு நல்லதா?

தாவரவியல் பூங்காவை எப்படிப் பிரிவு பிரிவாக ரசிப்பது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோடை முடிந்தும் எரிச்சல் தணியாததால் அந்த ஒரு கேள்வியை முதலில் தீர்த்துவிடுகிறேன். 1848-ல் மெக்ஐவர் தொடங்கிய ஊட்டிப் பூங்கா சுமார் 22 ஹெக்டேர். பெரணி இல்லம், கண்ணாடி மாளிகை, இத்தாலியன் பூங்கா என்று சரிவு முழுக்க வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் மக்களுக்கு அத்தனைக்கும் ஒரே கேள்விதான்: "இது சுகருக்கு நல்லதா?" பெரணியிடமும் அதே கேள்வி, கள்ளியிடமும் அதே கேள்வி. "அழகுக்கு வெச்சிருக்கோம்" என்று தோட்டக்காரர் சொன்னால் முகம் சுண்டிவிடும்; "அப்ப மூட்டுவலிக்கு?" என்று அடுத்த வாய்ப்பு தருவார்கள். புல்தரைகூடத் தப்பாது, அருகம்புல்லாக இருந்து தொலைத்தால்? கசந்தால் மருந்து என்பது நம் மருந்தியல். அரளியும்தான் கசக்கிறது; அது இதயத்தையே நிறுத்திவிடும். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் கொஞ்ச நேரம் நாக்கில் இனிப்பே தெரியாது. அதை மென்றுவிட்டு மைசூர்பாகை விழுங்குகிறவருக்கு, சர்க்கரையே ஒழிந்துவிட்டதாக நினைப்பு. ஒழிந்தது ருசி மட்டும். அந்த இலையை வைத்து ஆராய்ச்சி நடக்கிறதே என்பீர்கள். நடக்கட்டும், ஆய்வுக்கூடத்தில் அளவு பார்க்கிறார்கள், வேலிக்கு மேல் கைவிட்டுக் கிள்ளுவதில்லை.

இந்தத் தோட்டங்கள் பிறந்ததே மருந்துக்காகத்தானே என்றும் கேட்கலாம். உண்மைதான். 1545-ல் இத்தாலியின் பதுவாவில் தோட்டம் போட்டது மருத்துவம் படிப்பவர்களுக்காக. மெக்ஐவரே நீலகிரியில் சின்கோனா பயிரிட்டது, காய்ச்சலுக்குக் கொயினா எடுக்கத்தான். ஆனால் பதுவாவில் சொல்லிக்கொடுத்தது, எந்தச் செடி எது என்று அடையாளம் காண. பலனெல்லாம் அதற்குப் பிறகு. நம் ஊரில் பெயர்ப்பலகை இருப்பது கைப்பையை மாட்டிவிட்டு செல்ஃபி எடுக்க. பெயரே தெரியாத இலையின் பலன் மட்டும் வாட்ஸ்அப் வழியாக எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

எங்கள் திருமழபாடியில் கொள்ளிடக் கரையில் குடியிருப்பவரே வைத்தியநாதர். அவருடைய தலமரம் வேம்பும் இல்லை, வில்வமும் இல்லை, பனை. பதநீரும் கருப்பட்டியும் தருகிற மரம், அதாவது சர்க்கரை ஆலை. வைத்தியருக்கே கவலை இல்லை. உடனே ஒருவர் கிளம்புவார்: "கருப்பட்டி சுகருக்கு நல்லதுங்க, அது வேற." இவர்களுக்குப் பயந்து பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூருக்கு ஓடினால், அங்கே 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன 18 மீட்டர் மரம் கிடக்கிறது. இலையும் இல்லை, பட்டையும் இல்லை, கிள்ள எதுவுமே இல்லை. அதன் முன்னாலும் நின்று கேட்பார்கள்: "உரசிக் குடிச்சா கிட்னி கல்லு கரையுமாமே?"