பூந்தமல்லி முழம்: ஓர் அளவை ஆராய்ச்சி

முழமாவது, முழங்கை முட்டி தொடங்கி நடுவிரல் நுனி வரை உள்ள நீளம். பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். வாய்பாடு இவ்வளவு தெளிவாக இருக்க ஆராய்ச்சி எதற்கு எனின், யாருடைய கை என்பதை வாய்பாடு சொல்லாமல் விட்டது. அந்த இடைவெளியில்தான் தமிழ்நாட்டுப் பூ வியாபாரம் நடக்கிறது.

ஆய்வுக்களம் பூந்தமல்லி. பூவிருந்தவல்லி என்று பெயரிலேயே பூவை வைத்திருக்கும் ஊர். திருக்கச்சி நம்பிகள் இங்கே நந்தவனம் வைத்துக் காஞ்சி வரதருக்குப் பூ கொண்டுபோனார் என்பது வைணவ மரபு. விலையில்லாத பூவாதலால் முழக்கணக்கு எழவில்லை. காசு என்று ஒன்று குறுக்கே வந்த பிறகே பிறர் கையின் நீளம் நமக்குக் கவலையாகிறது.

மாலை ஆறு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்று கவனித்ததைச் சொல்கிறேன். பூக்காரம்மா ஈரத்துணியை விலக்கிச் சரத்தின் நுனியை விரலிடுக்கில் பிடிக்கிறார். பிடிப்பது விரல் நுனியிலா, விரலை மடக்கிய கணுவிலா என்பது முதல் ஐயம். சரத்தை விறைப்பாக இழுத்தால் நமக்கு நஷ்டம். தொய்வாக விட்டால் நாலு மொக்கு லாபம். முட்டியைத் தொடுவதற்கு முன்பே கை திரும்பி அடுத்த முழம் தொடங்கிவிடுவதும் உண்டு. இத்தனையும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவதால், ஆட்சேபிக்க நினைப்பவர் வாயைத் திறக்கும்போது சரம் இலையில் மடிந்திருக்கும்.

அளவை நூலார் காண்டல், கருதல், உரை என மூன்று பிரமாணம் கூறுவர். மூன்றும் இங்கே உள. வண்டியை அணைக்காமல் ஒரு காலை ஊன்றி நிற்பவரைக் காண்பது காண்டல். இவர் அவசரத்தில் இருக்கிறார், எண்ணிப் பார்க்க மாட்டார் என்பது கருதல். "ரெண்டு முழம் கரெக்டா இருக்குதுண்ணே" என்பது உரை.

ஆனால் அதே கை, பத்து ரூபாயை நீட்டும் பள்ளிக்கூடப் பெண்ணிடம் முழமே போடுவதில்லை. கண் மதிப்பில் ஒரு துண்டு கிள்ளி, "வச்சுக்கோ கண்ணு" என்று தருகிறது. ரூபாய்க்கு இத்தனை மொக்கு என்று கணக்குப் பார்த்தால் வண்டிக்காரரைவிட அந்தப் பெண்ணுக்கே கூடுதல் என்பது என் எண்ணம். எண்ணித்தான் பார்க்கவில்லை, பிறத்தியார் பின்னலில் பூ எண்ணுவது ஆராய்ச்சியாளனுக்கும் அடி வாங்கித் தரும்.

இனி, அளவு தெரியாத ஜனங்கள் இவர்கள் என்று யாரும் கருதவேண்டா. பக்கத்திலே ஆவடியில் 1961இல் வந்த கனரக ஊர்தித் தொழிற்சாலை ராணுவத்துக்கு டாங்கி செய்கிறது. அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் இல்லாமல் பொழுது விடியாது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் உருப்படியை ரிஜெக்ட் தொட்டியில் போடுகிற மனிதர், ஷிப்ட் முடிந்து இறங்கியதும் முட்டியைத் தொடாத முழத்தை மறுபேச்சின்றி வாங்குகிறார். அப்படி ஒருவரைக் கேட்டேன். "நான் இன்கமிங் மட்டும்தான் சார். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வீட்ல" என்றார். (1955இல் காங்கிரஸ் கூடி 'சோஷலிச பாணி' சமுதாயம் என்று தீர்மானம் போட்டதும் ஆவடியில்தான். பாணி என்பது எத்தனை முழம் என இன்றுவரை தகராறு.)

அற்றேல், மீட்டர் கோலால் அளந்தாலென்ன எனின், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1956இல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் வந்தது. 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டமும் தர அளவைத் தவிர வேறெதிலும் விலை சொல்லாதே என்கிறது. தராசுக்கு முத்திரை குத்தலாம். பூக்காரம்மாவின் கைக்கு எங்கே குத்துவது? சோழர் காலத்தில் நிலமளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலே வெட்டி வைத்தார்கள், சந்தேகமென்றால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கூடைக்காரிக்குச் சுவர் கிடையாது.

அது கிடக்க, மீட்டரால் அளந்தாலும் வழக்குத் தீராது. நெருக்கிக் கட்டிய சரமும், மொக்குக்கு மொக்கு சந்துவிட்டுக் கட்டிய சரமும் மீட்டர் கோலுக்கு ஒன்றே. எடைபோட்டு வாங்கலாமெனின், தெளித்த தண்ணீரும் பூ விலைக்குப் போகும். கையை நம்பாதவர் நெருக்கத்தைப் பார்க்கக் கண்ணை நம்பவேண்டும், ஈரத்தைப் பார்க்க விரலை நம்பவேண்டும்.

இந்தக் குறையெல்லாம் நிரவக் கண்டுபிடித்ததே கொசுறு. முழம் போட்டு முடிந்தபின் சேர்க்கும் ஒரு சாண், சில நாள் நாலு விரற்கடை. கேட்டால்தான் கிடைக்கும், கேட்கும் குரலில் உரிமை இருக்கவேண்டும், அதிகாரம் இருக்கக்கூடாது. இந்த நுட்பம் எனக்குக் கைவரவில்லை.

மூன்று முழம் வாங்கிப் போனேன். வீட்டில் அதைத் தன் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்து, "ரெண்டரைதான் வருது, யாருகிட்ட வாங்கினீங்க?" என்றாள். என் கையால் போட்டேன், இரண்டேகால் வந்தது. இஞ்ச் டேப்பைத் தேடி எடுத்து வருவதற்குள் சரத்தை இரண்டாக அறுத்து, மாடி வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "இந்தா, பாதி நீ வச்சுக்கோ" என்று கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாதிதான் பெரிய பாதி.