ஆயுசு கெட்டி, பேண்ட் நீளம்

போன முகூர்த்தத்தில் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை வாய்த்தவர் ஆறடி உயரம். மனைவி வழியில் ஒரு பெரியப்பா. இரண்டாம் தடவை சாம்பார் வந்தபோது என் தோளில் கையைப் போட்டு (அவருக்கு அது கை ஓய்வெடுக்க வாகான உயரம்) பந்தி முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்: “மாப்பிள்ளைக்கு என்னங்க கவலை! குள்ளமா இருக்கறவங்கதான் நூறு வயசு இருப்பாங்களாம். எங்கள மாதிரி நெட்டையெல்லாம் சீக்கிரம் கிளம்பிடுவோமாம்.”

தலைமுறை தலைமுறையாகக் கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று சொல்லிக்கொண்டிருந்த ஜனங்கள் திடீரென்று தீர்க்காயுசு தருகிறார்கள். கொடுக்க வேறு நல்ல வார்த்தை எதுவும் கையில் இல்லாதபோதுதான் ஒருவனுக்கு ஆயுசைக் கொடுப்பார்கள். லட்சணமாக இருப்பவனிடம் யாராவது நூறு வயதைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

அவ்வளவுதான், பாயசம் வருவதற்குள் அவரவர் தாத்தாவை இறக்கிவிட்டார்கள். பழைய சோற்றுத் தாத்தா, கிணற்றுத் தண்ணீர்த் தாத்தா, தினம் ஒரு கட்டு பீடித் தாத்தா. எல்லோரும் தொண்ணூற்றெட்டு. கண்ணாடி போடாமல் பேப்பர் படித்தவர்கள். அறுபதில் போய்ச் சேர்ந்த தாத்தா ஒருத்தர்கூட அந்த ஜில்லாவில் கிடையாது. அப்படிப் போனவர்களும் அதே பழைய சோற்றைத்தானே சாப்பிட்டிருப்பார்கள்? ராஜாஜிக்கு 94, பெரியாருக்கும் 94. ஒருவர் சைவம், மற்றவர் புலால் ஒதுக்காதவர். இதில் எந்த இலையைப் பின்பற்றுவது? பீடித் தாத்தா கட்சிக்கோ உலகப் புகழ்பெற்ற பாட்டியே உண்டு. பிரான்ஸில் ஆர்ல் நகரத்து ழான் கால்மாந், 122 வயது வரை இருந்து 1997-ல் போனவர். சிகரெட்டை விட்டபோது வயது 117. தொண்ணூறு வயதில் அவர் தன் வீட்டை ஒரு வக்கீலுக்கு எழுதிக் கொடுத்தார். கிழவி இருக்கும்வரை மாதாமாதம் பணம், கண்ணை மூடியதும் வீடு வக்கீலுக்கு. அப்போது அவருக்கு 47. முப்பது வருஷம் கட்டிவிட்டு 77-ல் வக்கீல் போய்விட்டார். மிச்சத்தை அவர் மனைவி கட்டினார். பாட்டி ஐந்தடிக்குள்தான் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பாவம், அந்த வக்கீலின் உயரத்தை யாரும் எழுதுவதில்லை.

வீட்டுக்கு வந்து, இருந்த கோபத்தில், உயரமா பழக்கவழக்கமா எது ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று ஒரு வழி பார்த்துவிட்டேன். விடையைக் கடைசியில் சொல்கிறேன்.

பெரியப்பா சொன்னது சுத்தப் புளுகு இல்லை. அதுதான் எரிச்சல். இத்தாலியின் சார்டீனியாத் தீவில், நூறு தாண்டிய ஆண்களுக்குப் பேர்போன ஒரு மலைக் கிராமம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது குறித்துவைத்த உயரங்களை எடுத்து, யார் எப்போது போனார்கள் என்று ஒப்பிட்டு 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. குட்டையானவர்களுக்குச் சுமார் இரண்டு வருஷம் கூடுதல். ஹவாய்த் தீவுகளில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 8,006 பேரைப் பல பத்தாண்டுகள் விடாமல் தொடர்ந்தார்கள். அங்கேயும் ஐந்தடி இரண்டு அங்குலமும் அதற்குக் கீழும் இருந்தவர்களே அதிக நாள் தாக்குப்பிடித்தார்கள்.

இரண்டு வருஷம்! எந்தப் பக்கத்தில் சேர்க்கிறார்கள்? கடைசியில். பல்லும் காதும் போன பிறகு. இருபத்திரண்டு வயதில் இரண்டு அங்குலமாகக் கொடுத்திருந்தால் பெண் பார்க்கப் போன இடத்திலாவது உதவியிருக்கும்.

இந்த இரண்டு வருஷத்துக்கு நான் முன்பணமாகக் கட்டியது என்ன தெரியுமா? பேண்ட் துணி. ரெடிமேட் கடையில் என் இடுப்புக்குப் பேண்ட் கேட்டால், அந்த இடுப்புள்ளவன் பனைமரத்தில் பாதி இருப்பான் என்று கம்பெனிக்காரனே முடிவுகட்டிக் காலை நீட்டி வைத்திருக்கிறான். ட்ரையல் ரூமில் மாட்டிக்கொண்டு குனிந்தால் பாதத்தைக் காணோம். கடைப் பையன் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, “ஆல்ட்ரேஷன் ஃப்ரீ சார்” என்கிறான், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. ஃப்ரீயாக வெட்டிப் போடும் துணிக்கு யார் காசு கொடுத்தது? ஜிஎஸ்டி முழு நீளத்துக்கும் சேர்த்துத்தான் போடுகிறான்.

கடை ஆல்ட்ரேஷனை நம்பாமல் தெருமுனை டெய்லரிடம் போனால் அது வேறு கதை. மாடிப்படிக்கு அடியில் மிஷின். பேண்டை உள்வெளியாகத் திருப்பி, இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, காதோரம் செருகிய சாக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். கோட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். பிறகு மறுபடி அளப்பார். “உள்ள துணி விட்டு மடிக்கவா சார், பின்னால பிரிச்சுக்கலாம்?” எனக்குப் பென்ஷன் ஃபார்ம் வந்துவிட்டது ஐயா, இனி எதற்குப் பிரிப்பது? “இல்ல சார், ஸ்கூல் பசங்களுக்குக் கேட்டுக் கேட்டுப் பழக்கம்.” கத்தரி ஓடும். வெட்டிய வளையம் இரண்டையும் எடுத்து என் கண்ணெதிரே மிஷின் எண்ணெயைத் துடைப்பார். அந்தக் கடையில் எண்ணெய் துடைக்கிற துணி எல்லாமே என் பேண்டுகளாகத்தான் இருக்க வேண்டும். சாம்பல், காப்பிப்பொடி, கருநீலம் என்று வருஷவாரியாக அடையாளம் காட்டுவேன்.

ஜீன்ஸில் இன்னும் விசேஷம். முழங்காலுக்கென்று வெளுக்கவைத்த இடம் எனக்குக் கெண்டைக்காலில் வரும். பக்கவாட்டுப் பாக்கெட் வைத்த பேண்ட் என்றால் அது கணுக்கால் பக்கம் போய்விடும். பஸ்ஸில் சில்லறை எடுக்கக் குனிந்தால் கண்டக்டர் காலில் விழுகிறேன் என்று நினைக்கிறார். காட்டன் பேண்டோ, சரியாக வெட்டி வாங்கி வந்த பிறகுதான் தண்ணீரில் சுருங்கும். அப்புறம் சாக்ஸ் தெரிய நடக்க வேண்டும். இன்றைக்குப் பையன்கள் அதையே ஃபேஷன் என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள், நான் போட்டால் மட்டும், “தம்பி பேண்டா சார்?” வேட்டி கட்டலாமே என்பீர்கள். மிச்சத்தை இடுப்பில் சுருட்டினால், ஏற்கெனவே இருக்கிற தொப்பைக்கு மேல் இன்னொரு தொப்பை. இன்னும் ஃபுல் சட்டைக் கையைப் பற்றி நான் ஆரம்பிக்கவே இல்லை.

எங்கே விட்டேன்? ஆயுள். நாய்களில் இது பச்சையாகத் தெரிகிறது. கிரேட் டேன் பத்து வயதைப் பார்ப்பதே பாடு; உள்ளங்கை அகல சிவாவா பதினைந்து வருஷம் அக்கம்பக்கத்தைத் தூங்கவிடாது. உடம்பைப் பெரிதாக வளர்க்கும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனே சீக்கிரம் கிழடாக்கவும் செய்கிறது என்கிறார்கள். மனிதரில் பத்து சென்டிமீட்டர் கூடினால் புற்றுநோய் அபாயம் பத்து சதவீதம்போல் ஏறுகிறது. இதய நோயோ உயரமானவர்களுக்குக் குறைகிறது. உயரம் என்பதே பாதி, சின்ன வயதில் ஒழுங்காகச் சாப்பிட்ட சோற்றுக்கு உடம்பு எழுதிக் கொடுத்த ரசீதுதானே. தவிர, வயதானால் முதுகெலும்பு வட்டுகள் தேய்ந்து எல்லோருமே சில சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறோம். நூறு வயதுக்காரர்கள் எல்லாம் குள்ளம் என்று பெரியப்பா கண்டுபிடித்தது இப்படித்தான் இருக்கும். அவரையும் நூறு வரை விட்டுப் பார்த்தால் தெரியும்.

இத்தோடு விட்டிருக்கலாம். நெதர்லாந்தில் 2019-ல் வந்த ஓர் ஆய்வை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டித் தொலைத்தேன். உலகத்திலேயே நெட்டையான ஜனங்கள் அவர்கள். 1986-ல் எழுபதை ஒட்டியிருந்த 7,807 பேரில் யார் தொண்ணூறைத் தொட்டார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். 175 சென்டிமீட்டருக்கு மேல் இருந்த பெண்களுக்கு, 160-க்குக் கீழே இருந்தவர்களைவிட 31 சதவீதம் வாய்ப்பு அதிகம். ஆண்களுக்கு உயரத்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. தினம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உடம்பை அசைத்த ஆண்களுக்கு, அரை மணிகூட அசையாதவர்களைவிட 39 சதவீதம் அதிகம்.

“அசைக்கறதுன்னா ஜிம்முக்கா?” என்றாள்.

தோட்ட வேலை, சைக்கிள், நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பது, வீட்டில் சின்னச் சின்ன ரிப்பேர், எல்லாம் கணக்கில் உண்டு என்று, நானே, என் வாயாலேயே, படித்தேன்.

குழாய்க்கு வாஷர் மாற்றியாகிவிட்டது. அது பத்து நிமிஷம்தானாம். மீதி எண்பதுக்குப் பரண் இருக்கிறதாம். பொங்கலுக்கு முன்னால் அண்டாவை இறக்க வேண்டுமாம். பரண் எனக்கு எட்டாது, ஸ்டூல் ஆடுகிறது, விழுந்தால் சார்டீனியா, நெதர்லாந்து இரண்டும் சேர்ந்து வந்தாலும் காப்பாற்றாது என்று சொல்லிப் பார்த்தேன். ஸ்டூல் காலைச் சரிபண்ணினால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.