ஒன்றும் இல்லாத பான்கேக்

ஓகஸ்ட் பிறந்தால் வெளிநாட்டு மச்சான் வந்துவிடுவார். ரொறன்ரோவோ லண்டனோ சூரிச்சோ, புறப்பட்ட ஊர்தான் வேறு; ஆள் ஒரே ஆள். பெட்டியில் பாதி உடுப்பு, மீதி ஆளிவிதைத் தூள், ஓட்ஸ், மேப்பிள் பாணி. செங்கலடிக் கடைகளை நம்பமாட்டார். வந்தாறுமூலையில் முதல் நாள் விடிந்ததும் அடுப்படி வாசலில் நின்று அறிவிப்பார்: “இண்டைக்கு எல்லாருக்கும் பான்கேக். முட்டை இல்லை, பால் இல்லை, பட்டர் இல்லை.”

இந்த ‘இல்லை’தான் அவருடைய சமையல். சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வராது. தாச்சியில் மாவை ஊற்றும்போது ஒரு தரம் இல்லை. குமிழி வெடிக்கும்வரை காவலிருந்து பிரட்டும்போது ஒரு தரம். தட்டை நீட்டும்போது ஒரு தரம். வாங்கியவர் விழுங்கிவிட்டாரா என்று தொண்டைக்குழியைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தரம்: “முட்டையே இல்லை, தெரியுதா?” தெரிகிறது மச்சான், நன்றாகவே தெரிகிறது.

எங்கள் வீட்டில் அறை எடுத்திருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகப் பிள்ளையும் தப்பவில்லை. எட்டு மணி விரிவுரைக்கு ஓடுகிறவளை மறித்து, ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைத் தூளை மூன்று கரண்டி தண்ணீரில் ஊறவிட்டால் வழுவழுவென்று வரும், அது ஒரு முட்டைக்குச் சமம் என்றார். வினாகிரியும் அப்பச்சோடாவும் சேர்ந்தால் காபனீரொட்சைட்டு கிளம்பும், பான்கேக் பொங்குவது அதனால்தான் என்றார். அந்தப் பிள்ளை படிப்பது இரசாயனம். “ஓம் அண்ணா” என்று கேட்டுக்கொண்டு நின்றாள், விரிவுரை போய்விட்டது.

பெரியம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அப்ப உள்ளுக்கு என்னதான் மனே இரிக்கி?”

“மா, தேங்காய்ப்பால், கொஞ்சம் சீனி, மாமி.”

“அப்பம் எண்டு சொல்லு.”

“இல்லை மாமி, இது வீகன்.”

பெரியம்மா என்னைப் பார்த்தா. நான் அடுப்பைப் பார்த்தேன். அரிசி மாவைக் கள்ளில் புளிக்கவைத்துத் தேங்காய்ப்பால் விட்டுச் சுடுகிற பாலப்பத்தில் எந்த மாட்டின் மடி வந்தது? தோசையில், ரொட்டியில், பிட்டில்? 1944இல் டொனால்ட் வொட்சனும் கூட்டாளிகளும் இங்கிலாந்தில் வீகன் சங்கம் தொடங்க முதலே எங்கள் காலைச் சாப்பாட்டில் பாதி அப்படித்தான் இருந்தது. மாவிலேயே முட்டை போட்டது பான்கேக் ஒன்றுக்குத்தான். மெல்லிசாகச் சுட்டு, தேங்காய்ப்பூவும் சக்கரையும் வைத்துச் சுருட்டுவோம். அந்த ஒன்றைத்தான் இவர் திருத்த வந்திருக்கிறார்.

2022 தட்டுப்பாட்டையும் சொல்ல வேண்டும். பால்மாவுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. அடுத்த வருடம் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்தது. அந்த நாட்களில் நாங்களும் முட்டை இல்லை, பால் இல்லை, பட்டர் இல்லை என்றுதான் சாப்பிட்டோம். ஒருத்தரும் படம் எடுத்துப் போடவில்லை.

மச்சான் மனசு கெட்டவர் இல்லை. தான் வளர்த்த சேவல் கறியான அன்று, சின்ன வயதில், கிணற்றடியில் சாப்பிடாமல் அழுதுகொண்டு கிடந்தவர். அன்றைக்கு அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் இப்போது அவர் பான்கேக்கைச் சாப்பிடாதவர் யாருமில்லை. அந்த அழுகை நிசம், அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் தயிர்முட்டியோடு வந்த பட்டிக்கார மாமாவிடமும் மாடுகளின் துன்பத்தைப் பற்றிப் பேசினாரே, அதுதான் தாங்கவில்லை. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையைக் கேட்டுப் பட்டிக்காரர் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தெருவோரம் குந்தத் தொடங்கினார்கள். மேயப்போன மாடு உயிரோடு திரும்புமா என்று அவர்கள் பட்ட பாடு இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மாமா முழுவதையும் கேட்டார். “ஓம் தம்பி, மாடுகளுக்குத் துன்பந்தான்” என்று முட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனார். தயிரை நாங்கள் மச்சான் காணாமல் சாப்பிட்டோம், எங்கள் வீட்டிலேயே.

அதையும் விடலாம். தேங்காயை விட ஏலாது. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிய ஊர் இது. இவருக்கு முதற்பால்தான் வேண்டும், கட்டியாக வேண்டும். தேங்காய்க்கு மேல் தேங்காய் உடைபடும். எங்கள் கறிக்குக் கப்பிப்பால். திருவலையில் குந்தியிருப்பது முழங்கால் வலியோடு பெரியம்மா. பிழிவதும் பெரியம்மா. வினாகிரி மணக்கும் கோப்பைகள், அடிப்பிடித்த தாச்சி, அலமாரியின் கால்வரை வடிந்த மா, இதெல்லாம் கழுவுவது நான். அவர் முற்றத்து வெளிச்சத்தில் தட்டைத் திருப்பித் திருப்பிப் படம் எடுப்பார். முட்டை, பால், பட்டர் மூன்றும் இல்லை என்று எழுதுவார். திருவினதும் நானில்லை என்று ஒரு வரி கூடப் போட்டால் கணக்குச் சரியாக இருக்கும்.

போன முறை பெரியம்மா கேட்டேவிட்டா.

“நாளைக்கி நீ திருவு மனே.”

அவர் திருவலையைத் தூக்கி முன்னும் பின்னும் பார்த்தார். “அங்க இது டின்னில வரும் மாமி.”

“இஞ்ச டின் இல்ல மனே” என்றா பெரியம்மா, முதல் தேங்காயை அவர் கையில் கொடுத்து.