பதினான்காவது மட்டை

எழுபதுகளின் கடைசியில் ஊட்டி கோல்ஃப் மைதானத்தில் கேடியாகப் பை சுமக்கப் போனேன். முழு செட் வைத்திருந்தவர்கள் அப்போது குறைவு. எங்களில் பெரும்பாலோர் தோளில் ஏறியது அரை செட்தான். 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை எண் அயர்ன்கள் நான்கு, மரத்தலை வைத்த உட் இரண்டு, மணலிலிருந்து எடுக்க ஒரு சாண்ட் அயர்ன், கடைசியில் பந்தைக் குழிக்குள் தட்ட ஒரு பட்டர். தேயிலைத் தோட்டத்து மேனேஜர்களும் வெலிங்டனிலிருந்து வரும் ராணுவ அதிகாரிகளும் இந்த எட்டு மட்டையை வைத்துக்கொண்டுதான் அந்த மேடுபள்ளத்தில் 18 குழியும் ஆடி முடிப்பார்கள். 8-ஆம் நம்பர் தேவைப்படும் தூரம் வந்தால் 7-ஐக் கீழே இறக்கிப் பிடித்து அடிப்பார்கள். இல்லாத மட்டைகளின் வேலையை எல்லாம் கை செய்தாக வேண்டும்.

எங்களுக்கோ அந்த எட்டும் கிடையாது. திங்கட்கிழமை ஆட்டக்காரர்கள் வராதபோது, யாரோ கழித்துப்போட்ட ஒற்றை அயர்னை வைத்து நாலைந்து பையன்கள் முறை போட்டு ஆடுவோம். எங்களுக்கு மூத்த கேடி ஒருவர் இருந்தார். பெரியண்ணன் என்போம். அவருக்கு வாய்த்தது ஒரு பழைய 7-ஆம் நம்பர். பிடியின் தோல் தேய்ந்து நூல் சுற்றியிருப்பார். அதே மட்டையால், குழி இருக்கும் கிரீனைச் சுற்றி எங்கிருந்தும் பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார். பந்தை வலது கால் பக்கம் தள்ளி வைத்துக்கொள்வார். கைகள் பந்துக்கு முன்னால் நிற்கும். மணிக்கட்டு அசையவே அசையாது. பந்து ஒரு முழ உயரம் எழும்பி, கிரீனின் ஓரத்தில் விழுந்து, அதற்குப் பிறகு எல்லாம் உருண்டுதான் போகும். "பந்தைத் தரையில அனுப்பு, சாமி. வானத்துல போற பந்துக்கு யாரும் கேரண்டி கொடுக்க முடியாது" என்பார்.

உயரமாக எழுப்பத் தெரியாதவர் இல்லை. மஞ்சள் பூப்பூக்கும் முட்புதருக்குப் பின்னால் பந்து மாட்டிக்கொண்டு, கொடி அந்தப் பக்கம் ஐந்தடியில் நின்றால், வேறு வழியில்லையே. அப்போது அந்த 7-ஐயே முகம் வானத்தைப் பார்க்கும்படி திறந்து, கைகளைத் தாழ்த்தி, தரையோடு தரையாக வீசுவார். பந்து செங்குத்தாக எழும்பி மெதுவாக வந்து இறங்கும். அதைச் செய்துகாட்டச் சொல்லி நாங்கள் கெஞ்சுவோம். மறுத்துவிடுவார். தேவையில்லாத இடத்தில் அந்த அடியை அவர் ஆடி நான் பார்த்ததில்லை.

இன்று சென்னையில் வார இறுதியில் ஆட வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். பையைத் திறந்தால், முகம் நன்றாகச் சாய்ந்த வெட்ஜ் மட்டும் நான்கு இருக்கிறது. செட்டோடு வந்த பிட்சிங் வெட்ஜ், அப்புறம் முகச்சாய்வு 52 டிகிரி, 56 டிகிரி, அதன் மேல் பளபளவென்று ஒரு 60 டிகிரி. சிலர் 64 வரைக்கும் போகிறார்கள். பத்தாயிரம், பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கியிருப்பார்கள். ஆட்டத்துக்கு வருவது வாரத்துக்கு ஒரு நாள். பயிற்சிக்கு வந்தால் முக்கால் நேரம் டிரைவரை வீசுவதிலேயே போய்விடுகிறது. அந்த 60 டிகிரியை அவர்கள் கையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. கோல்ஃபில் கற்றுக்கொள்ள மிக அதிக நேரம் கேட்கும் மட்டை, நேரம் மிகக் குறைவாக இருப்பவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்த மட்டை அவசரத்தில் பிறந்ததில்லை. அதற்கு முன்னோடி மணல் மட்டை. மணலுக்கென்று தனி மட்டையைப் பிரபலமாக்கியவர் ஆட்டக்காரர் ஜீன் சாரசன். விமானத்தின் வால் பக்கம் கீழே இறங்கும்போது மூக்கு மேலே ஏறுவதைப் பார்த்து யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மட்டையின் அடிப்புறத்தில் ஈயத்தைப் பற்றவைத்து, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி செய்தார். அதை வைத்து மணலில் மணிக்கணக்கில் அடித்துப் பழகிய பிறகுதான் 1932-ல் பிரின்சஸ் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனுக்குக் கொண்டுபோனார். வென்றார். அதே வருடம் அமெரிக்க ஓப்பனையும் வென்றார். பைக்குள் 14 மட்டைதான் இருக்கலாம் என்ற விதி சில வருடம் கழித்து வந்தது: அமெரிக்காவில் 1938, பிரிட்டனில் 1939. அன்றிலிருந்து ஒரு மட்டை உள்ளே வர வேண்டுமென்றால் இன்னொன்று வெளியே போயாக வேண்டும்.

60 டிகிரி வந்தது அதற்கும் நாற்பது வருடம் கழித்து. நாசாவில் இயற்பியலாளராக இருந்த டேவ் பெல்ஸ், தொழில்முறை ஆட்டக்காரர்கள் எங்கே அடிகளை இழக்கிறார்கள் என்று மைதானம் மைதானமாகப் போய் அளந்தார். நூறு கஜத்துக்கு உள்ளேதான் என்று கண்டார். அவர் பேச்சைக் கேட்டு மூன்றாவது வெட்ஜைப் பையில் சேர்த்துக்கொண்டவர் டாம் கைட். 1981-ல் அமெரிக்கச் சுற்றில் அதிகப் பரிசுப்பணம் வென்றவர் கைட்தான். பிறகு கேட்க வேண்டுமா, எல்லார் பையிலும் ஏறியது. கைட் எவ்வளவு பயிற்சி எடுப்பவர் என்பது மட்டும் மட்டையோடு சேர்ந்து கடைக்கு வரவில்லை.

வாங்குகிறவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. செட்டே மாறிவிட்டது. நான் சுமந்த காலத்துப் பிட்சிங் வெட்ஜின் முகச்சாய்வு ஏறக்குறைய 50 டிகிரி. அதற்கு அடுத்தது 56 டிகிரி சாண்ட் அயர்ன். இடைவெளி ஆறு. இன்று புதிதாகக் கற்பவர்களுக்கு விற்கும் பல செட்டுகளில் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரியில் நிற்கிறது. அன்றைய 8-ஆம் நம்பர் அயர்ன் கிட்டத்தட்ட அந்தச் சாய்வில்தான் இருந்தது. மட்டைத் தலையின் எடையைக் கீழே இறக்கினால் பந்து தானாகவே உயரமாகக் கிளம்புகிறது. அதனால் சாய்வைக் குறைக்க முடிந்தது. சாய்வு குறைந்தால் தூரம் கூடும், தூரம் கூடினால் மட்டை விற்கும். மேலே தூரத்தைச் சேர்த்துக்கொண்டே வந்ததில், கீழே 44-க்கும் 56-க்கும் நடுவே பன்னிரண்டு டிகிரிக்குப் பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. எண்பது, தொண்ணூறு கஜத்தில் நிற்கும் ஆட்டக்காரருக்குக் கையில் மட்டையில்லை. அந்த ஓட்டையை அடைக்க 50 அல்லது 52 ஒன்று வேண்டும், அது நியாயமான செலவு. அதை வாங்காமல் நேராக 60-க்குப் போகிறவர்களைப் பார்க்கும்போதுதான் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது.

60 டிகிரி மட்டையைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். முகம் ஏறக்குறைய படுத்தே கிடக்கும். முன்விளிம்பு கத்திபோல மெலிந்திருக்கும். அதற்குப் பின்னால் அடிப்பாகம் கொஞ்சம் புடைத்துக் கீழே இறங்கியிருக்கும். பவுன்ஸ் என்பது அந்தப் புடைப்புதான். மணலிலும் ஈரமான புல்லிலும் மட்டை தோண்டிக்கொண்டு போகாமல் வழுக்கிச் செல்ல அது உதவும். முகத்தைத் திறந்தால் புடைப்பு இன்னும் கீழே வரும், முன்விளிம்பு தரையிலிருந்து எழும்பும். பந்தின் குறுக்களவு 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது நடுக்கோடு 21 மில்லிமீட்டர் உயரத்தில். கோடையில் இறுகிப்போன நம்மூர்த் தரையில் அந்தப் புடைப்பு தட்டி எகிறினால், விளிம்பு நேராகப் போய் அந்த நடுக்கோட்டில் வெட்டும். பந்து கிரீனைத் தாண்டி அடுத்த பக்கத்துப் புதருக்குப் போகும். அதற்குப் பயந்து அடுத்த முறை தரையைத் தோண்டினால் பந்து ஒரு முழம்கூட நகராது.

வேகக் கணக்கும் உண்டு. டிரைவரில் அடித்தால் மட்டை வருகிற வேகத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் பந்து கிளம்பும். 60 டிகிரியில் மட்டையின் வேகத்தைத் தாண்டிப் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. அடித்த பலத்தில் பெரிய பங்கு உயரத்துக்கும் சுழலுக்கும் போய்விடுகிறது. முப்பது கஜம் போவதற்கே பெரிய வீச்சு வேண்டும். வீச்சு பெரிதாகப் பெரிதாகத் தப்பு நடக்கும் இடமும் பெரிதாகிறது. பந்து முகத்தில் கொஞ்சம் மேலே பட்டாலே தூரம் குறைந்துவிடும். ரஃப் என்னும் நீண்ட புல்லில் பந்து புல் நுனியில் உட்கார்ந்திருந்தால் மட்டை அடியிலேயே நுழைந்து வெளியே வந்துவிடும், பந்து இருந்த இடத்திலேயே தொப்பென்று விழும்.

சென்ற கோடையில் மென்பொருள் வேலையில் இருக்கும் தம்பி ஒருவர் இந்த மட்டையோடு வந்தார். கிரீனுக்குப் பதினைந்து கஜம் முன்னால் பந்து. நடுவில் மணல் பங்கர் இல்லை, மேடு இல்லை, வெட்டிய புல் மட்டும்தான். 60-ஐ உருவினார். அடித்த பந்துகளில் சில கிரீனைத் தாண்டின, சில காலடியிலேயே கிடந்தன, ஒன்று மட்டும் அழகாக எழும்பிக் கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது.

"பாத்தீங்களா சார், வருது!" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"வந்துச்சு தம்பி. இப்ப 9-ஐ எடுங்க."

பட்டரைப் பிடிப்பதுபோலப் பிடிக்கச் சொல்லி, பந்தைப் பின்னால் வைத்து, உருட்டிவிடச் சொன்னேன். ஒன்றுகூடக் கிரீனைத் தாண்டவில்லை. ஒன்றுகூட முன்னாலேயே நிற்கவில்லை. மோசமாக அடித்த பந்தும் இரண்டு பட்டில் முடிந்துவிடும் தூரத்தில் கிடந்தது. அவருக்குத் திருப்தியில்லை என்று தெரிந்தது. உயரமாக எழும்பிய அந்த ஒரு பந்து மனசில் நின்றுவிட்டது. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. பெரியண்ணனிடம் கெஞ்சி நின்ற பையன்களில் நானும் ஒருத்தன்.

இந்த அடியை உலகத்தில் மிக அழகாக ஆடியவர்களில் ஒருவர் ஃபில் மிக்கல்சன். 2008 அமெரிக்க ஓப்பனுக்கு, அதுவும் அவர் பிறந்து வளர்ந்த சான் டியாகோவின் டாரி பைன்ஸ் மைதானத்துக்கு, 64 டிகிரி வெட்ஜோடு வந்தார். அதற்குள் மூன்று மேஜர் பட்டம் வென்றவர். சனிக்கிழமை 13-ஆவது குழியில் மேட்டுக் கிரீனில் ஏறிய பந்து நிற்காமல் திரும்பத் திரும்பக் கீழே உருண்டு வந்தது. ஐந்தில் முடிக்க வேண்டிய குழியில் ஒன்பது போனது. சிறுவயதிலிருந்து வீட்டுப் பின்கட்டில் இதையே ஆடி வளர்ந்த கைக்கே அப்படி ஒரு நாள் வருகிறது.

ஊட்டியில் அன்று எங்களுக்கு நேரம் மட்டும் ஏராளமாக இருந்தது. ஆட்டக்காரர் வரும்வரை, மழை விடும்வரை, பொழுது சாயும்வரை ஒரே அயர்னால் பத்து விதமான அடி பழகினோம். 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேரும், 2009-ல் வென்ற சி. முனியப்பாவும் கேடிகளாக இருந்து மேலே வந்தவர்கள். எங்கள் தலைமுறைக் கேடிகளுக்கு 60 டிகிரியைக் கொடுத்திருந்தால் அதற்கு ஏற்ற கை தயாராக இருந்தது. மட்டைதான் இல்லை.

அதனால் யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. என்னிடம் வரும் பள்ளி மாணவி ஒருத்தி மாநில ஜூனியர் போட்டிகளுக்கு ஆடுகிறாள். தினமும் ஒரு மணி நேரம் கிரீனைச் சுற்றியே நிற்பாள். 56-ல் முகத்தைத் திறந்தும் மூடியும், பாதி வீச்சிலும் கால் வீச்சிலும் பந்தைச் சொன்ன இடத்தில் போடுகிறாள். அவளுக்கு 60 வாங்கச் சொன்னதே நான்தான். அவள் ஆடப்போகும் மைதானங்களில் கிரீன்கள் மேட்டில் இருக்கும், ஆழமான பங்கர்கள் இருக்கும், கொடியை ஓரத்தில் நட்டிருப்பார்கள். அங்கே அந்த மட்டை அவளுக்கு அடிகளை மிச்சப்படுத்தும்.

அந்த மென்பொருள் தம்பிக்கு வேறு கணக்கு. 60-ஐ வீட்டில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் 50 ஒன்று சேர்க்கச் சொன்னேன். மணலுக்கு அவரிடம் இருக்கும் 56-இல் 12 டிகிரி பவுன்ஸ் இருக்கிறது, மழைக்காலத்து மைதானத்துக்கும் அதுவே போதும். கிரீனைச் சுற்றி 9-ஆம் நம்பரும் பிட்சிங் வெட்ஜும். உயரமாக எழுப்பியே ஆக வேண்டிய இடம் வந்தால் 56-இன் முகத்தைத் திறந்துகொள்ளலாம். 56-ல் இருபது பந்து அடித்து அதில் பதினைந்தைக் கிரீனில் நிறுத்திக்காட்டும் அன்றைக்கு 60-ஐத் திரும்பக் கொண்டுவரலாம், அதற்கு நானே ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போன வாரம் பதினொன்று நின்றது.