ஒண்டுமில்லை மாமி

உரும்பிராய்ச் சந்தியில் பலாலி வீதியை மானிப்பாய்–கைதடி வீதி வெட்டிக்கொண்டு போகிறது. அங்கிருந்து எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் நாலைந்து படலை கடப்பதற்குள் ஒரு ‘ஒண்டுமில்லை மாமி’ அகப்படுவார். ஆளை அடையாளம் காண்பது சுலபம். முற்பகல் பதினொரு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் படலையைத் திறக்கவேண்டும். நாய் குரைக்கும். மாமி கொண்டையை முடிந்தபடி வெளியே வருவார். முகம் மலரும், மலர்ந்த கையோடு வாடும்.

“ஐயோ தம்பி, ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வரக்கூடாதே? வீட்டில ஒண்டுமில்லை. கடைப்பக்கமும் போகேல்லை. சரி, இருங்கோ, ஒரு பிடி சோறு சாப்பிட்டுட்டுப் போகலாம்.”

இதைக் கேட்டு மனமிரங்கி எழும்புகிறவர் வெளியூர்க்காரர். உள்ளூர்க்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரையை இழுத்துப் போடுவார். இனி ஒன்றரை மணித்தியாலத்தில் சோற்றைச் சுற்றி ஆறு கறி வரும் என்பது அவருக்குத் தெரியும்.

மாமி பொய் சொல்லவில்லை. அவருடைய அகராதியில் ‘இருக்கு’ என்றால் காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பது: மீன், பருப்பு, ரின்மீன், முட்டை. வளவுக்குள் நிற்பது அந்தக் கணக்கில் சேராது. முருங்கையை யாராவது வைத்திருப்பார்களா? அது பாட்டுக்கு நிற்கிறது.

மாமி சத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குள் இறங்குவார். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்க, அதைக் கிணற்றால் எடுத்துத்தான் ஊர் பிழைக்கிறது. அதனால் மாமியின் வளவில் ஒரு வாளித் தண்ணீருக்கு மூன்று வேலை. குளிக்கிறவரை நனைக்கும்; வாய்க்கால் ஓரத்து வல்லாரையை நனைக்கும்; மிச்சம் வாழையடியில் போய்ச் சுவறும். மாமா சவர்க்காரத்தை அள்ளிப் பூசிக் குளித்தால் உள்ளேயிருந்து குரல் வரும்: “இஞ்சாருங்கோ, வல்லாரைக்கை நுரை போகுது!”

வேலியில் பாகல். கிணற்றடியில் வாழை. குசினி மூலையில் கறிவேப்பிலை. பத்தியோரம் நாலு கத்தரிக் கன்று. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் கத்தரித் தோட்டத்து வெருளிக்கே பாட்டெழுதிய நாடு இது. ஆனால் மாமியின் கத்தரிக்கு வெருளி தேவையில்லை. மாமியே காணும்.

முன் குசினியில் காஸ் அடுப்பு உண்டு. அது தேத்தண்ணீருக்கு. சமையல் பின்னால், பனைமட்டையும் பொச்சும் எரியும் அடுப்பில். முருங்கையிலையை உருவிச் சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதங்கிய சட்டியில் போட்டு, இலை சுருண்டதும் தேங்காய்ப்பூவைத் தூவி இரண்டு பிரட்டுப் பிரட்டினால் வறை. வல்லாரையைக் குறுணியாக அரிந்து, பச்சை மிளகாய், வெங்காயம், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பிசைந்தால் சம்பல். அதற்கு அடுப்பே தேவையில்லை. வாழைக்காய் பொரியும். கத்தரிக்காய் வறுத்த தூளோடு குழம்பாகும். போன வைகாசியில் மணலுக்குள் புதைத்து வைத்த பிலாக்கொட்டை முருங்கைக்காயோடு சேர்ந்து ஒரு கறியாகும்.

கடைசியில் சொதி. இந்த நேரத்தில் மாமியோடு கதைக்கக்கூடாது. கப்பிப்பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் அவிந்துகொண்டிருக்கும். முதற்பாலை விட்டதும் அகப்பை நிற்காமல் ஓடவேண்டும். கொதிக்க விட்டால் பால் திரைந்துபோகும். ஓரத்தில் நுரை கூடுகிற நேரம் பார்த்துச் சட்டியை இறக்கி, சூடு கொஞ்சம் அடங்கிய பிறகுதான் தேசிக்காயைப் பிழிவார். அந்த ஒரு நிமிடத்துக்கு மாமியின் முகத்தில் சத்திரசிகிச்சை நிபுணரின் களை இருக்கும். பிறகு திரும்பிப் பார்த்து, “சும்மா ஒரு சொதி” என்பார்.

இதையெல்லாம் எந்த அளவில் போடுவது என்று கேட்டால் மாமிக்கு விளங்காது. “அளவாப் போடுறதுதான்.” ரொறன்ரோவில் இருக்கும் மகள் ஒருநாள் வாட்ஸ்அப்பில் வந்து, தூள் எத்தனை கரண்டி என்று கேட்டுவிட்டாள். மாமி யோசித்து, “எந்தக் கரண்டி?” என்றார். மகள் கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். “அது சின்னன்” என்றார் மாமி. பாடம் அத்தோடு முடிந்தது. அதன் பிறகு ஊரில் இருந்து கனடாவுக்குப் போகிற ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒரு பொதி தூள் ஏறுகிறது. மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் தனித்தனியே வறுத்து இடித்தது. பயணக்காரர் தன் உடுப்பில் பாதியைத் திருப்பி வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

வீட்டுக்குள் இந்தச் சொல்லால் அடிபடுகிறவர் மாமா. ஒருநாள் காலை மாமி “கறிக்கு ஒண்டுமில்லை” என்றதை நம்பி அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தின்னவேலிச் சந்தைக்குப் போனார். ஒரு கிலோ கத்தரிக்காயோடு திரும்பினார்.

“இதை ஏன் காசு குடுத்து வாங்கினனீங்கள்? வளவுக்கை காய்ச்சுத் தொங்குதெல்லே!”

“நீர்தானே ஒண்டுமில்லை எண்டனீர்?”

“ஒண்டுமில்லைத்தான். அதுக்குக் கத்தரிக்காயோ வாங்குறது?”

நாற்பது வருடக் குடித்தனத்தில் இந்த வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

மாமிக்கு இந்தக் கணக்கு மாமியாரிடம் இருந்து வந்தது. 1970களின் முற்பகுதியில் அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வலிகாமத்துச் செம்மண்ணில் காசு விளைந்தது. 1977க்குப் பிறகு சந்தையைத் திறந்துவிட, விலை விழுந்தது. மாமியார் அசையவில்லை. தோட்டத்தில் விளைகிறது காசு, அது வரும் போகும். வளவில் விளைகிறது கறி என்று இரண்டையும் முன்னமே பிரித்து வைத்திருந்தார்.

1990இல் போர் மறுபடி மூண்டு பொருளாதாரத் தடை இறுகியது. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் ஊர் அலைந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்த மாமி, ஓடு கழன்ற வீட்டுக்குள் போகுமுன் பின்வளவுக்குப் போய் முருங்கையைப் பார்த்துவிட்டு வந்தார். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது கப்பலில் வந்த சாமானுக்குச் சங்கக்கடையில் வரிசை நின்றது. உண்மையாகவே ஒன்றும் இல்லாத காலம் அது. அந்த நாட்களில் மாமி ‘ஒண்டுமில்லை’ என்று சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. படலையடியில் யார் வந்து நின்றாலும், “இருக்கு, வாங்கோ” என்பார். இலைக்கஞ்சிக்குள் தண்ணீர் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

சாமான்கள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் பழைய சொல் திரும்பி வந்தது. 2022 ஜூனில், நாட்டில் காசும் எரிபொருளும் முடிந்திருந்த வேளை, அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. மாமா பேப்பரில் வாசித்துக் காட்டினார். மாமி கேட்டது ஒரு கேள்விதான்: “மற்ற ஆறு நாளும் ஆர் தண்ணி ஊத்துறதாம்?”

நல்லூர்த் திருவிழா வந்தால் மாமியின் ஆட்சி. கொடியேறினால் இருபத்தைந்து நாள் வீட்டில் மச்சம் இல்லை. மச்சச் சட்டி பரணுக்குப் போகும், புதுச் சட்டி இறங்கும். சந்தையில் மரக்கறி விலை ஏற ஏற, மாமியின் கதிரையில் ஆட்கள் கூடும். மதிலுக்கு மேலால் கோப்பைகள் போய்வரும். முன்பு கிடுகு வேலி இருந்தபோது பொட்டுக்குள்ளால் ஆளே போய்வரலாம். வெளிநாட்டுக் காசில் மதில் எழும்பிய பிறகு அந்தப் பக்கம் கொண்டையும் இந்தப் பக்கம் கோப்பையும் மட்டும் தெரிகிறது. வெறும் கோப்பை திரும்பி வருவதில்லை. முருங்கைக்காய் போனால் வாழைப்பூ வரும்.

சாப்பிட்டவர் கிளம்பும்போது ஒரு பை கொடுபடும். அதை மறுக்க ஊரில் இதுவரை ஒருவருக்கும் வழி தெரியவில்லை. பைக்குள் அடங்காத முருங்கைக்காய்கள் மோட்டார்ச் சைக்கிளின் பின்னால் கொம்புபோல நீட்டிக்கொண்டு சந்தி வரைக்கும் போகும்.

இரவு ஏழு மணிக்கு மகளின் அழைப்பு. அங்கே அப்போதுதான் காலை.

“அம்மா, இண்டைக்கு என்ன சமையல்?”

“ஒண்டும் சமைக்கேல்லைப் பிள்ளை. மத்தியானம் தம்பி வந்தவன். கிடந்ததைக் குடுத்து அனுப்பினனான். நீ என்ன செய்யப்போறாய்?”

மகள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மேல்தட்டில் இருந்து கீழ்த்தட்டு வரை நிரம்பி வழிந்தது.

“இஞ்சையும் ஒண்டுமில்லை அம்மா. பின்னேரம் தமிழ்க் கடையில முருங்கையிலை வாங்கித்தான் ஏதாவது செய்யோணும்.”

இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துபோயிற்று என்றுதான் மகள் நினைத்தாள்.

“முருங்கையிலை காசுக்கோ?” என்றார் மாமி.